சீதனத் தோட்டத்து வரி

யாழ்ப்பாணத்து வருமான வரிக் கந்தோரில் நான் கிளாக்கராக இருந்தபோது, வருமானத்தை மறைக்க வழி தேடியவர்களைத்தான் அதிகம் கண்டேன். அளவெட்டியிலிருந்து வந்த அந்த வெங்காயத் தோட்டக்காரி வேறு விதம். நெடிய உருவம், வெயிலில் கறுத்த முகம். பேசி முடித்ததும் குடை நுனியால் தரையில் ஒரு தட்டுத் தட்டுவார்.

“தோட்டம் என்ரை சீதனம். வரியை என்ரை பேரிலை போடுங்கோ.”

“பெண்சாதியின்ரை வருமானத்தையும் புருசன்தான் காட்டவேணும், அக்கா. சட்டம் அப்பிடி.”

“இவர் வாத்தியார். வெங்காயப் பாத்திக்கு ஒருநாளும் தண்ணி மாறிவிட்டதில்லை.”

பக்கத்தில் நின்ற கணவர், “ஓம், உண்மைதான்” என்று சிரித்தார்.

நான் சமாதானம் சொன்னேன். “சேமிப்புப் பத்திரம் உங்கடை பேரிலை வாங்கலாம். அந்த வட்டிக்கு வரியே இல்லை.”

“வரியில்லாத காசுக்கு என்ரை பேர் என்னத்துக்குத் தம்பி? வரி கட்டுற காசுக்கெல்லோ பேர் வேணும்!”

குடை தட்டியது.

கடைசியில் கணவர்தான் படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட்டார். பிறகு, யாரும் கேட்காமலே, ஓரத்தில் ஒரு வரி சேர்த்தார்: ‘இது என் மனைவியின் உழைப்பு.’ அந்த அம்மா அதை வாசித்துவிட்டுத் தலை நிமிர்ந்து நடந்தார்.

அப்படி எழுதப் படிவத்தில் இடமில்லைதான். மேலதிகாரி கேட்டால் அந்த அம்மாவையே குடையோடு கூப்பிட்டுவிடலாம் என்று அப்படியே ஏற்றுக்கொண்டேன்.