கறிவேப்பிலைச் செடியில் இருந்த கூட்டுப்புழு

தார்நாகா ஆய்வகத்தில் என்னிடம் ஆறு ஒட்டுண்ணிக் குளவிகள் இருந்தன. ஆறும் ஆண்; பச்சை உடல், மஞ்சள் கால். புதிய இனம் என்று ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமே எழுதியிருந்தேன். மல்காஜ்கிரி வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் இருந்த ஒரு பட்டாம்பூச்சிக் கூட்டுப்புழுவைப் பாட்டிலில் போட்டு வைத்தேன். அதிலிருந்து பட்டாம்பூச்சி அல்ல, அதைத் தின்று வளர்ந்த குளவிகள்தான் வந்தன. ஆண்கள் என்னுடைய அதே பச்சை. பெண்கள் கறுப்பு; பெண்ணை மட்டும் பார்த்து யாரோ எப்போதோ பெயரிட்டுவிட்ட இனம். பாட்டிலுக்குள்ளேயே இரண்டும் இணை சேர்ந்தன; ஒரே இனம்தான்.

ஆய்வகத்தில் அந்தக் குளவிகளைக் குத்தி வைத்திருந்த ஆறு ஊசிகளிலும் என் பெயர்ச்சீட்டைக் கழற்றி, யாரோ வைத்த அந்தப் பழைய பெயரை எழுதிக் குத்தினேன்.

வீட்டில் அம்மா கேட்டாள்: "உன் பூச்சிக்குப் பேர் வெச்சாச்சா?"

"அதுக்கு ஏற்கெனவே பேர் இருக்கும்மா."

"அப்ப வேலை மிச்சம். ரெண்டு கொத்து கறிவேப்பிலை பறிச்சிட்டு வா."

பறித்துக் கொடுத்தேன்.