பட்டப்பகலில் விளக்குப் போட்டவள்

படகில் ஏறியதும் மீட்டர் அக்கா ஜி.பி.எஸ். பெட்டியின் பக்கம் திரும்பக்கூட மாட்டாள். முதலில் படகிலுள்ள ஸ்விட்சுகளை ஒன்று விடாமல் எண்ணுவாள். நடுவில் யாராவது வாயைத் திறந்தால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பம். "ஏம்மா, வழி காட்டற பெட்டிதானே மக்கர் பண்ணுது? நீ எதுக்குத் தண்ணி எறைக்கிற மோட்டார் ஸ்விட்சையெல்லாம் எண்ணிக்கிட்டிருக்கே?" என்று ஒருவர் பொறுமையிழந்து கேட்டார். அக்கா நிமிராமலே பதில் சொன்னாள்: "வீட்ல ஒருத்தர் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தா, கூட இருக்கறவங்க என்ன பண்ணாங்கன்னு கேக்க வேணாமா? இப்ப நீங்க பேசினதால மறுபடி மொதல்ல இருந்து எண்ணணும்."

வயது ஐம்பத்திரண்டு. கழுத்தில் நகைநட்டு எதுவும் கிடையாது; வோல்ட்டேஜ் பார்க்கிற மீட்டர் ஒன்று கயிறு கட்டித் தொங்கும். பெயர் வந்தது அதனால்தான். படகில் செருப்பில்லாமல்தான் ஏறுவாள். ஒயரின் தோலைப் பல்லால் உரிப்பாள். அதற்கென்று கருவி பையிலேயே இருக்கும், எடுக்கமாட்டாள். இன்சுலேஷன் டேப்பைக் கண்டால் மட்டும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "எவன்யா இவன், புண்ணைக் கழுவாம சட்டையப் போட்டு மூடினவன்?" என்று அங்கே இல்லாத ஆளைத் திட்டுவாள். திட்டிக்கொண்டே டேப்பைச் சுரண்டி எடுத்து, உள்ளே பச்சை பூத்துக் கிடக்கும் செம்புக் கம்பியைக் காட்டுவாள். உப்புக்காற்று செய்கிற வேலை அது.

பதினாலு வருஷம், படகுக் கருவிகள் விற்கும் ஒரு கடையில் வேலை பார்த்தவள். அங்கே ஒரு சட்டம் உண்டு. பழுதைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் இரண்டில் ஒன்றை எழுதிக் கொடுத்துவிட வேண்டும்: 'கருவியை மாற்றவும்', அல்லது 'கருவி நன்றாக உள்ளது, இயக்கியவர் தவறு'. ஒரு நாள் இரண்டையுமே எழுதமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். "தெரியலைன்னு எழுதறேன் சார். தெரியலைங்கறது என்ன கெட்ட வார்த்தையா?" என்று மேனேஜரைக் கேட்டாள். ஆமாம், அந்தக் கடையில் அது கெட்ட வார்த்தைதான். அன்று சாயங்காலமே பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

இப்போது அவளுடைய ஒர்க்‌ஷாப் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. கவனமில்லாமல் நிமிர்ந்தால் தலை இடிக்கும். அங்கே ஒரு பலகையில் ஒன்பது ஜி.பி.எஸ். பெட்டிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். எல்லாம் கெட்டுப்போச்சு என்று படகுக்காரர்கள் தூக்கியெறிந்தவை. 'நிரபராதிங்க' என்பது அவள் வைத்த பெயர். ஞாயிற்றுக்கிழமையானால் ஒன்பதுக்கும் கரண்ட் கொடுத்து, ஆன்டெனாக்களை ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிடுவாள். ஒன்பதும் ஒன்றுபோல, அவள் வீட்டு அடுப்படி பூமியில் எங்கே இருக்கிறது என்று துல்லியமாகச் சொல்லும். வீட்டுக்காரர் தையல்காரர், சமையலும் அவர்தான். "அடுப்படி எங்க இருக்குன்னு ஒன்பது மிஷின் சொல்லுது. நீ ஒரு நாளாவது அந்தப் பக்கம் வந்திருக்கியா?" என்பார். அக்கா காதில் விழாத மாதிரி மீட்டரைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

அந்தப் பலகையின் முன்னால்தான் போன வாரம் ஒரு பெண் வந்து நின்றாள். ஒரு படகோட்டியின் மனைவி. விஷயம் படகுத்துறை முழுக்கத் தெரிந்ததுதான். அவள் வந்ததற்குப் பத்து நாளைக்கு முன்னால், விடிவதற்குள் மூடுபனியில் கிளம்பிய படகை அவள் கணவன் மணல்திட்டில் ஏற்றிவிட்டான். படகு அவனுடைய அண்ணனுக்குச் சொந்தம். ஸ்க்ரீனில் படகு அங்கேயும் இங்கேயும் தாவியது, எது வழி என்றே தெரியவில்லை என்றான் தம்பி. "கதை விடாதே. தூங்கிட்டே" என்றார் அண்ணன். அக்கா உதறிவிட்டு வந்த அதே கடையிலிருந்து ஆட்கள் இரண்டு தடவை வந்து பார்த்தார்கள். 'இயக்கியவர் தவறு' என்று காகிதம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அதோடு தம்பியைக் கரையிறக்கியாயிற்று. இனிப் படகில் கால் வைக்கக் கூடாது என்று அண்ணன் உத்தரவு. இருபது வருஷம் சுக்கான் பிடித்த ஆள் கரையில் ஐஸ் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தான். இரண்டு நாளில் படகோட்ட வேறு ஆள் வருவதாக ஏற்பாடு.

"எங்க வீட்டுக்காரரு தூங்கலக்கா" என்றாள் அந்தப் பெண். "மொதல்ல எல்லார்கிட்டயும் சண்டை போட்டாரு. இப்ப அதையும் விட்டுட்டாரு. 'ஒருவேளை தூங்கித்தான் போயிட்டேனோ'ன்னு நேத்து என்னையே கேக்கறாருக்கா."

அதுதான் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. ஊர் சொல்வது இருக்கட்டும், செய்யாத தப்பை ஒரு மனுஷன் தானே நம்ப ஆரம்பிப்பதா? ஸ்டூலிலிருந்து எழுந்த வேகத்தில் மாடிப்படியில் தலையை இடித்துக்கொண்டாள். அதைத் தடவிக்கூடப் பார்க்காமல் பையை எடுத்து வைத்தாள்.

மறுநாள் பகல் பதினோரு மணி. படகுத்துறையில் கண் கூசும் வெயில். அண்ணன்காரர் படகின் நடுவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"உன்னை யாரும்மா கூப்பிட்டா?"

"உங்க தம்பி பொண்டாட்டி."

"படகு என்னுது."

"படகு உங்களுதுதான் அண்ணே, யாரு இல்லேன்னா? பழிதான் யாருதுன்னு தெரியல. அதைப் பாத்துட்டுப் போறேன்." சொல்லிக்கொண்டே ஏறிவிட்டாள். அவர் தடுப்பதற்குள் ஸ்விட்சுகளை எண்ண ஆரம்பித்தாயிற்று. அவர் கத்த, இவள் முதலிலிருந்து எண்ண, இரண்டு தடவை இப்படி ஆனதும் மனிதர் களைத்துப்போய் வாயை மூடிக்கொண்டார்.

முதலில் ஜி.பி.எஸ். பெட்டியை மட்டும் போட்டாள். பத்து சாட்டிலைட்டின் சிக்னல் கிடைத்தது. படகு நிற்கிற இடத்தை அச்சுப் பிசகாமல் காட்டியது.

"பாத்தியா? கடைக்காரனும் இதைத்தான் பாத்தான்" என்று சிரித்தார் அண்ணன்.

"அவன் பெட்டியப் பாத்துட்டுப் போயிட்டான். நான் அன்னிக்கிக் காலையில நடந்ததைப் பாக்கணும்." கரையில் ஐஸ் பெட்டியைத் தோளில் சுமந்தபடி நின்ற தம்பியைக் கூப்பிட்டாள். "தம்பி! அன்னிக்கிக் கிளம்பறப்ப என்னென்ன போட்டே? வரிசை மாத்தாம சொல்லு."

தம்பி அண்ணனைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னான். "இன்ஜின். அப்புறம் வயர்லெஸ். அப்புறம் தண்ணி மோட்டாரு."

அவன் சொல்லச் சொல்ல அக்கா ஒவ்வொன்றாகப் போட்டாள். இன்ஜின் உறுமியது, பத்து சாட்டிலைட். வயர்லெஸ் போட்டாள், பத்து. மோட்டார் ஓடியது, அப்போதும் பத்துதான். அண்ணன் கொட்டாவி விட்டார்.

"அப்புறம்?"

"அவ்ளோதான்க்கா. இருட்டா இருந்திச்சு, லைட்டப் போட்டுட்டுக் கிளம்பிட்டேன்."

அக்காவின் கை லைட் ஸ்விட்சுக்குப் போனது. "பட்டப்பகல்ல எதுக்கும்மா லைட்டு? பேட்டரி எறங்கிடும்!" என்று பதறினார் அண்ணன். அது அவர் ஆசைப்பட்டு வாங்கிவந்த புது எல்.இ.டி. விளக்கு. படகு மணல்திட்டில் ஏறியதற்கு ஒரு வாரம் முன்னால், அவரே தம் கையால் மாட்டியது. ஆன்டெனா நிற்கிற அதே கம்பத்தில், அதற்கு ஒரு சாண் தள்ளி. கடைக்காரர்கள் வந்த இரண்டு தடவையும் வெயில் நேரம். வெயிலில் எந்தப் பைத்தியக்காரன் விளக்குப் போடுவான்?

அக்கா போட்டாள். பத்து, ஏழு ஆனது. ஏழு, நாலு ஆனது. ஸ்க்ரீனில் படகுப் படம் ஒரு நடுங்கு நடுங்கி, தண்ணீரை விட்டுத் தாவி, ஊருக்குள் போய் நின்றது.

"தம்பி! உன் படகு இப்ப மார்க்கெட் மாடியில நிக்குது!" என்று கூவினாள்.

கரையிலிருந்து தம்பி கத்தினான். "அதேதான்க்கா! அன்னிக்கும் இப்படித்தான் தாவிச்சு!"

"தற்செயலா இருக்கும்" என்றார் அண்ணன்.

அக்கா வாதாடவில்லை. பையிலிருந்து ஒரு குட்டி ரேடியோவை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு விறுவிறுவென்று கம்பத்தில் ஏறினாள். "யம்மா, விழுந்து தொலைக்கப் போறே!" என்று கீழேயிருந்து அண்ணன் அலறினார். விளக்கின் பக்கத்தில் ரேடியோவைப் பிடித்தாள். எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெறித்த மாதிரி ஒரு இரைச்சல். "இப்ப நீங்களே அணைங்க. நீங்களே போடுங்க" என்றாள். அணைத்தார், ரேடியோ அடங்கியது. போட்டார், இரைந்தது. ஆறு தடவை போட்டுப் பார்த்தார் மனிதர். ஆறு தடவையும் படகு மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பியது.

"உங்க லைட்டு வெளிச்சத்தோட இரைச்சலும் சேத்துப் போடுது அண்ணே" என்றாள், கீழே இறங்கி முழங்கையின் சிராய்ப்பை ஊதிக்கொண்டே. "நம்ம காதுக்குக் கேக்காது. ஆன்டெனாவுக்குக் கேக்கும். சாட்டிலைட்டு எங்கயோ இருந்து மெதுவாப் பேசுது. பக்கத்துல ஒருத்தன் இப்படிக் கத்தினா அது பேசறது எப்படி வெளங்கும்?"

அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தோற்றுப்போனது தெரிந்தும் ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. "சரிம்மா, லைட்டைக் கழட்டிடறேன். அதுக்காக அவன் தூங்கலைன்னு ஆயிடுமா?"

அக்காவுக்கு வந்ததே கோபம்! "ஏண்ணே, ஸ்க்ரீன்ல படகு தாவிச்சுன்னு மொதல் நாளே சொன்னாரே உங்க தம்பி. தூங்கறவனுக்கு அது எப்படித் தெரியும்?"

துறையில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நாலு பேர் அண்ணனின் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். "வேற ஆளுக்குச் சொல்லியாச்சே" என்று முனகினார். "நாளைக்கு வந்துடுவான்."

"வரட்டுமே. ஐஸ் பெட்டி தூக்க ஆள் வேணுமில்ல?"

ஓடிக்கொண்டிருந்த இன்ஜினை அக்கா அணைக்கவில்லை. படகின் விளிம்பில், இறங்குகிற வழியை அடைத்துக்கொண்டு அண்ணன் நின்றிருந்தார். அக்கா ஒரு கையால் அவர் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தினாள். கரி படிந்த மறு கையைக் கரைப் பக்கம் நீட்டினாள். தம்பி ஐஸ் பெட்டியைக் கீழே வைத்தான். அப்புறமும் அண்ணன் முகத்தைத்தான் பார்த்தான்.

"அங்க என்ன பார்வை? ஏறு" என்றாள் அக்கா. நீட்டிய கையை அவள் மடக்கவில்லை.