ஒரே மைக்கில் எடுத்த பாட்டு

எனக்குப் படிப்பு ஏழாவது வரைதான். வாத்தியமும் ஏழு. ஆர்மோனியம் மாதா கோயிலில் வந்தது. டோலக்கும் உடுக்கையும் எங்கள் குப்பத்து ஆடித் திருவிழாவில். மற்றவை கைக்குக் கிடைத்தபோது. தெரியாத மொழியைத் தமிழில் எழுதிவைத்துப் பாடுவேன். அரபிப் பாட்டு, ஆப்பிரிக்கப் பாட்டு, எதுவானாலும். இப்போது மேடைகளில் இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். அப்போது வடபழனி ஸ்டுடியோக்களில் ட்ராக் பாட உதவியது.

பெரிய பாடகி வந்து பாடும்வரை பாட்டில் ஒரு குரல் இருக்க வேண்டும். அதுதான் ட்ராக். அவர் பாடியதும் நம்முடையதை எடுத்துவிடுவார்கள். தப்பில்லை, வேலையே அது. பதினோரு வருடம் பாடினேன். என் குரல் எதிலும் மிஞ்சவில்லை.

எனக்குப் பழகிவிட்டது. அம்மாவுக்குப் பழகவில்லை. அம்மா பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறாள். பாட்டு வெளியானதும் போனில் போட்டு, என் பொண்ணு பாடினது என்று மீன் வாங்க வருகிறவர்களிடம் சொல்வாள். கேட்டால் வேறு குரல் இருக்கும். பக்கத்துக் கடைக்காரி விடமாட்டாள்.

"இன்னாக்கா, ஒம் பொண்ணுக்குப் பாட்டுக்கு ஒரு தொண்ட மாறுது?"

அம்மா சிரித்துக்கொண்டே செதில் சீவுவாள். ஆனால் ஒரு நாள் வீட்டில், "மெய்யாலுமே பாடத்தான் போறியா?" என்று கேட்டாள்.

அவளுக்கு ஒரு காது ஏற்கெனவே போயிருந்தது. மற்றதும் குறைந்துகொண்டே வந்தது. டாக்டர் மிஷின் வைக்கச் சொன்னார். அதில் எல்லாக் குரலும் ஒரே மாதிரிக் கேட்கிறது என்று கழற்றி வைத்துவிட்டாள். மிச்சக் காதும் போவதற்குள் ஒரு பாட்டிலாவது அவள் என் குரலைக் கேட்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அந்த வருடம் ஓர் இசையமைப்பாளர் தி. நகரில் தன் ஸ்டுடியோவில் வெளிநாட்டுக்குப் போகிற ஆல்பம் ஒன்று செய்தார். அதில் நான்கு வாத்தியம் வாசித்தேன். கடைசிப் பாட்டுக்கு உடுக்கையும் ட்ராக்கும். அதைப் பாட மும்பையிலிருந்து ஒரு பாடகி வர இருந்தார்.

உடுக்கையின் இடுப்புக் கயிற்றை அழுத்தினால் சத்தம் வளையும். குரல் ஏறும்போது அதையும் ஏற்றலாம். ரெக்கார்டிங் செய்கிறவர் வழக்கம்போல முதலில் உடுக்கை, அப்புறம் பாட்டு என்றார்.

"தனித்தனியா வராதுண்ணே. பாடினாத்தான் கை வரும்," என்றேன்.

பொய். வரும்.

ஒரு மைக் வைத்தார். அதன் முன் நின்று, பாடிக்கொண்டே அடித்தேன்.

பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். பாடகி வந்து பாடிவிட்டுப் போயிருந்தார். போட்டுக் காட்டினார்கள். நன்றாகவே பாடியிருந்தார். ஆனால் உடுக்கையிலிருந்து என் குரல் பிரியவில்லை. கம்ப்யூட்டரில் பிரித்தால் உடுக்கை தகர டப்பா மாதிரிக் கேட்டது. வேறு ஆளை வாசிக்க வைத்தும் சரியாக வரவில்லையாம். உடுக்கையை மட்டும் தனியாக வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். வேண்டுமென்றே சுமாராக வாசித்தேன். அதுவரை ஒரு நாளும் அப்படி வாசித்ததில்லை. கை கூசியது.

இசையமைப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து வெகுநேரம் பார்த்தார்.

"உனக்கு வரலன்னு நான் நம்பணும். இல்லம்மா?"

உடுக்கையின் கயிற்றைத் தளர்த்தினேன். சரி, உன் குரலே இருக்கட்டும் என்று எழுந்து போய்விட்டார். அதன் பிறகு அவர் என்னைக் கூப்பிட்டதில்லை.

பாட்டு வெளியான அன்று கடைக்குப் போய் அம்மாவின் நல்ல காதில் போனை வைத்தேன். பக்கத்துக் கடைக்காரியும் வந்து குனிந்து கேட்டாள். முடிந்ததும் அம்மா இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

"நீதான்," என்றாள். அப்புறம், "எப்பவும் எடுத்துடுவாங்களே. இத்த மட்டும் எப்டி வுட்டாங்க?"

நடந்ததைச் சொன்னேன். சுமாராக வாசித்ததையும் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே ஒரு வஞ்சிரத்தை இழுத்துப் போட்டு வெட்ட ஆரம்பித்தாள்.

"அந்தப் பொண்ணும் ஆசையாத்தான பாடியிருக்கும்," என்றாள்.

அந்தப் பாடகியின் குரலை நான் ஸ்டுடியோவில் ஒரு தடவை கேட்டதுதான். மெல்லிய குரல். கடைசி வரியில் கொஞ்சம் நடுங்கும். இப்போது அது எங்கும் இல்லை.