'நாங்கள்' என்றால் நான் இல்லை

கல்யாணமாகித் தாராவிக்கு வந்த புதிதில் என் கணவரின் ஒரு சொல் என்னை வாட்டி எடுத்தது. நான் திருநெல்வேலியில் தமிழ் இலக்கியம் படித்தவள். எனக்குக் கோபம்கூட இலக்கணத்தோடுதான் வரும்.

"எங்க வீட்டுல தண்ணி காலையிலதான் வரும்" என்று என்னிடமே சொல்வார். 'நம்ம வீடு' என்று அவர் வாயில் வராது. மாமனார், மாமியாரோடு அந்த ஒற்றை அறையில் சமைத்து, துவைத்து, படுத்து எழுந்தும் நான் இன்னும் விருந்தாளிதானா என்று மனம் வெந்தது.

ஒருநாள், "ஞாயித்துக்கெழம நாங்க சுனாபட்டிக்கு வாடக வீடு பாக்கப் போறோம்" என்றார். நாங்கள் என்றால் அவரும் அவர் அம்மாவும். நான் வாழப்போகும் வீட்டை நான் பார்க்க வேண்டாமா? ஞாயிறுவரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று காலை சட்டையை மாட்டிக்கொண்டு வந்தவர், நைட்டியோடு அரிசி களைந்துகொண்டிருந்த என்னைப் பார்த்துத் திகைத்தார்.

"ஏட்டி, இன்னும் கெளம்பலியா? ஜல்தி!"

"நாங்க போறோம்னுதான சொன்னீய? நீங்களும் அத்தையும் போயிட்டு வாங்க."

"அம்மா எதுக்கு? நாங்கன்னா நீயும் நானுந்தான்!"

அரிசியை வைத்துவிட்டு வகுப்பெடுத்தேன். இரண்டுமே தன்மைப் பன்மை. கேட்பவரையும் சேர்த்தால் நாம், சேர்க்காவிட்டால் நாங்கள்.

"இந்தியில ரெண்டுக்கும் 'ஹம்'தான?" என்று விழித்தார். தாராவியிலேயே பிறந்து, மராத்திப் பள்ளியில் படித்தவர். தமிழ், வீட்டுக்குள் பேசியதோடு சரி. திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அரே, மராத்தியில 'ஆபண்', 'ஆம்ஹி'ன்னு ரெண்டு இருக்கே, அதுவா? 'ஆபண்'னா நீயும் சேத்தி. இத மொதல்லயே சொல்லப்பிடாதா!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவர் சொன்ன ஒவ்வொரு 'நாங்க'வுக்குள்ளும் இத்தனை நாளும் நான் இருந்திருக்கிறேன். அது தெரியாமல் நான்தான் வெளியே நின்று பொருமிக்கொண்டிருந்தேன்.

புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் மனிதர் பாடம் ஒப்பித்துக்கொண்டு வந்தார். "நாம இங்க எறங்கணும். நாம இந்தச் சந்துல திரும்பணும்." பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள். எனக்கு அதுவும் பிடித்திருந்தது.

வீட்டுச் சொந்தக்காரர் மதுரைப் பக்கத்துத் தமிழர். வீடு சிறியதுதான், ஆனால் சமையலறைக்கு ஒரு ஜன்னல் இருந்தது. பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது.

"யாரு யாரு இருப்பீங்க?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

என் கணவர் என்னை ஒருமுறை பெருமையாகப் பார்த்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவரிடம் சொன்னார்: "நாமதான். நாம ரெண்டு பேரும்."

வீட்டுக்காரர் முழித்தார். இலக்கணப்படி பார்த்தால், என் கணவர் அவரோடு குடித்தனம் நடத்தப் போவதாகச் சொல்லியிருந்தார்.

நான் திருத்தவில்லை. பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "ஆமா" என்றேன்.