மரணத்தை வெட்டும் துரும்பு

நான் புஷ்பாக்காவை ஏமாற்றினேன். அறியாமல் அல்ல... நன்றாக அறிந்தே!

பேர்லினில், நொய்கெல்ன் பகுதியில், என் கீழ்வீட்டில் இருப்பவர் அவர். ஈழப்போரின் இறுதியில் காணாமற்போன கணவருக்காக இன்றும் நெற்றியில் குங்குமம் இடுபவர்.

நான் பல்கலைக்கழகத்தில் ஆராய்வது இத்தாலிய மறுமலர்ச்சிக்கால ஊர்வலக் கவிதைகளை. காதல் தேரேறி வரும். கற்பு அதை வெல்லும். அதையும் மரணம் வெல்லும். பழைய டாரட் சீட்டுகளின் படங்களிலும் அவற்றின் சாயலைக் காணலாம். அன்று அவை சோதிடத்துக்கானவை அல்ல, வெறும் விளையாட்டுச் சீட்டுகள். நம்மவர் முந்நூற்றுநாலு சீட்டாட்டம் ஆடும்போது துரும்புச் சீட்டு மற்றச் சீட்டை வெட்டுகிறதே, அதே கதைதான்.

"சீட்டு விளையாடவோ இவ்வளவு படிப்பு?" என்று நம்மவர்கள் சிரிப்பார்கள். ஒருவரும் ஒருநாளும் அக்கறையாய்க் கேட்டதில்லை. இதை நீங்கள் நினைவில் வைத்திருங்கள்... என் குற்றத்தின் வேர் அங்கேதான்.

ஒரு பிற்பகல் புட்டோடு வந்த அக்கா, என் மேசையில் பரப்பிக் கிடந்த சீட்டுகளைக் கண்டார்.

"இது சாத்திரம் சொல்லுற சீட்டெல்லோ, பிள்ளை? ஹம்பேர்க்கில இவற்ற தமையன், இவர் இனி இல்லையெண்டு அந்தியேட்டிச் சடங்கு செய்யவேணுமாம். நான் ஓமெண்டு சொல்லவோ?"

நான் மறுக்கும் முன்பே கண்ணை மூடி ஒன்றை எடுத்துவிட்டார். குதிரையேறிய எலும்புக்கூடு! மரணத்தின் சீட்டு அது.

இது வெறும் விளையாட்டு என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வசனம் போதும்! ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்... என் படிப்பிடம் பதில் கேட்டு, முதன்முதலாக ஒருவர்! தலைக்கனம் ஏறிவிட்டது.

"இது கடைசிச் சீட்டில்லை, அக்கா. மரணத்தை வெட்டுற சீட்டும் இருக்கு. நான் படிக்கிற கவிதையளிலயும் அப்பிடித்தான்."

"அப்ப அவர் இருக்கிறார்!" என்று அழுதார். நான் திருத்தவில்லை.

கவிதையில் மரணத்தை வெல்வது எது தெரியுமா? புகழ். இறந்தவரின் பெயர் மட்டும்! ஆள் திரும்புவதில்லை. பிறகு அந்தப் புகழையும் காலம் வென்றுவிடும். அதை நான் விழுங்கிவிட்டேன். இரக்கமா? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்... இல்லை, வெறும் பெருமை!

அக்கா அந்தியேட்டிக்குச் சம்மதிக்கவில்லை. கணவரின் தமையனோடு பெரிய சண்டை. இன்று ஹம்பேர்க்கிலிருந்து ஓர் அழைப்புகூட வருவதில்லை. என்னிடம் மட்டும் முன்னிலும் அன்பாக இருக்கிறார். அந்த அன்பை என்னால் தாங்க முடியவில்லை.

உண்மையைச் சொல்லப் பலமுறை படியிறங்கினேன். சென்ற கிழமையும் இறங்கினேன். கதவைத் திறந்த அக்காவின் கையில் ஒரு புதுச் சட்டை, கணவரின் பிறந்தநாளுக்காம்.

"இவ்வளவு காலத்தில அளவு மாறியிருக்குமோ, பிள்ளை?"

வாயைத் திறந்தேன்...

"கொஞ்சம் பெரிசா மாத்தி எடுங்கோ, அக்கா" என்றேன்.