பள்ளத்தின் மேல் போட்ட கதவு

வேலப்பன்சாவடியில் எங்கள் குடியிருப்பு வாசலை ஒட்டிப் பாதாளச் சாக்கடைக்காக இடுப்பளவுப் பள்ளம் தோண்டினார்கள். தோண்டியவர்கள் அப்படியே போய்விட்டார்கள். மற்ற வீட்டுக்காரர்கள் தாண்டிக் குதித்து வேலைக்குப் போனார்கள். என் அம்மா சக்கர நாற்காலியில் இருப்பவள். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு நாள் தவறினாலும் மூச்சு வாங்கும்.

கம்ப்யூட்டரில் பிழைப்பவன் அல்லவா, அரசாங்கச் செயலியில் புகார் கொடுத்தேன். உடனே ஓர் எண் வந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே அரசாங்கத்தை வேலை வாங்குகிறேன் என்று எனக்குப் பெருமைகூட.

ஆனால் புதன்கிழமை அம்மாவைக் கொண்டுபோயாக வேண்டுமே. குமணன்சாவடியில் பழைய மரக்கடையில் ஒரு கதவு வாங்கிவந்து பள்ளத்தின் குறுக்கே போட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

மறுநாள் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து படமெடுத்துப் போனார். மாலையில் புகார் முடிந்தது என்று செய்தி: ‘தற்காலிகப் பாதை அமைத்துத் தரப்பட்டது.’ கூடவே என் கதவின் படம், தாழ்ப்பாள் உட்பட. மறுபடி புகார் கொடுத்தேன். அதே ஆள், அதே கதவு, அதே பதில். மூன்றாம் முறை அவரை வாசலிலேயே மடக்கினேன். அவர் கோபப்படவில்லை.

“கதவு கீற வரைக்கும் பாதை கீதுன்னுதான் சார் எழுதுவாங்கோ. அத்த எடுத்துட்டு கம்ப்ளைண்ட் போடுங்க.”

எப்போது வந்து பார்ப்பார்கள் என்று கேட்டேன். அது தனக்கே தெரியாது என்றார்.

ஒரு செவ்வாய்க்கிழமை கதவை எடுத்துவிட்டுப் புகார் கொடுத்தேன். நாள் முழுக்க யாரும் வரவில்லை. புதன் காலை அம்மாவுக்காக மறுபடி போட்டேன். பத்து மணிக்குப் படமெடுத்துப் போய்விட்டார்கள். முன்னால் போனால் கடிக்கிறது, பின்னால் போனால் உதைக்கிறது. எடுத்தால் அம்மா உள்ளே அடைபட்டுக் கிடப்பாள். எடுக்காவிட்டால் பள்ளம் காலத்துக்கும் கிடக்கும்.

வெள்ளிக்கிழமை மழையில் கதவு வழுக்கியது. அம்மாவின் நாற்காலியை அதன் விளிம்பில் நிறுத்திக் கைகொடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. புகார் மையத்துப் பெண். நடவடிக்கை திருப்தியா என்று கேட்டாள். இல்லை என்றால் புது எண் தருவார்கள், மறுபடி படமெடுப்பார்கள். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

“திருப்திதான்” என்றேன். சொன்ன வாயை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

யார் என்று அம்மா கேட்டாள். அரசாங்கத்திலிருந்து, நமக்குத் திருப்தியா என்று கேட்கிறார்கள் என்றேன்.

நாற்காலியின் இரு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தவள் முகம் மலர்ந்தது.

“பரவாயில்லையேப்பா, நம்மளையும் ஒரு மனுசரா நெனச்சுக் கேக்குறாங்களே.”