குஞ்சறையும் பக்கத்து அறையும்

குஞ்சு சாகிறது என்று யாராவது போன் எடுத்தால் நான் இன்றைக்கும் இருந்த இடத்தை விட்டு எழும்பிவிடுவேன். கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பிறகும் அது மாறவில்லை. மாட்டுக்கு நோய் வந்தால் ஒன்றிரண்டு நாள் அவகாசம் கிடைக்கும். ஆடு கத்தியாவது சொல்லும். குஞ்சு காலையில் தீன் பொறுக்கும், பின்னேரம் அஸருக்குக் காலை நீட்டிக்கொண்டு கிடக்கும். எந்த நோயைப் பிடிப்பது கஷ்டம் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். நான் நிந்தவூர் நாசரின் குஞ்சுகளைப் பற்றிச் சொல்வேன். அதில் நோயே இல்லை.

1. போனில் சொன்ன வைத்தியம்

மாரி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த கிழமை அது. நாசர் நூற்றைம்பது ஒரு நாள் குஞ்சுகளை வாங்கி, வீட்டின் பின்னறையில் உமி பரப்பி விட்டிருந்தான். ஐந்தாம் நாள் காலையில் போன் வந்தது.

"சேர், குஞ்செல்லாம் தூங்கித் தூங்கி விழுகுது. விடியப் பார்த்தா பன்னெண்டு செத்துக் கிடக்கு."

"வெள்ளையா கழியுதா?"

"இல்ல சேர். தீனும் நல்லாத்தான் திண்டது."

"அப்ப குளிர்தான் தம்பி. காத்து உள்ள போகாம தறப்பாளால நல்லா மூடுங்க. வெக்கை குறையப்படாது. விட்டமின் தாறன், தண்ணியில கலந்து வைங்க."

எங்கள் மிருக வைத்தியர் அன்று அம்பாறையில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். எனக்குச் சம்மாந்துறையில் மாடுகளுக்கு ஊசி போடும் வேலை. கண்ணால் பார்க்காமல், மோட்டார் சைக்கிளில் இருந்தபடியே வைத்தியம் சொல்லிவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன். வெக்கைக்கு என்ன வைத்திருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

மறுநாள் காலையில் மறுபடியும் நாசர். குரலே மாறியிருந்தது. "சேர், நாப்பதுக்கு மேல போயிட்டு. எப்படியாவது வாங்க."

வழியெல்லாம் எனக்கு ராணிக்கெட் பற்றிய பயம். அந்தத் தெருவில் கோழி இல்லாத வளவு கிடையாது. அந்த நோய் ஒரு வீட்டில் இறங்கினால் தெருவையே துடைத்துவிடும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நாசரின் மனைவி சிபானா பிள்ளை பெற்று இருபது நாள். நாற்பது நாள் கழியும்வரை தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள அவளுடைய ராத்தா வந்திருந்தார். அவர்தான் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

"குஞ்சு போனா போகட்டும் சேர். இந்த வீட்டுக்கு வந்த கண்ணூறு அதுகளோட போகட்டும். புள்ள நல்லா இரிக்கி, அல்ஹம்துலில்லாஹ். ரெண்டு நாளா புள்ளைக்கு நல்ல நிறமும் வந்திரிக்கி. மொகமெல்லாம் ரோசாப்பூ."

"மாஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டுக் குஞ்சறைக்குப் போனேன்.

நான் சொன்னபடியே நாசர் மூடியிருந்தான். ஜன்னலுக்குத் தறப்பாள், கதவின் கீழே சாக்கு. மூச்சு முட்டும் வெக்கை. குஞ்சுகள் சுவரோரமாக ஒதுங்கி, வாயைத் திறந்து இரைத்துக்கொண்டு நின்றன. ஒன்று நடந்து வந்து என் காலடியில் தலைகுப்புற விழுந்தது. குனிந்து எடுக்கும்போது எனக்கும் தலை கனத்தது. காலையில் சாப்பிடாததால் என்று நினைத்துக்கொண்டேன்.

விடிய முதல் செத்த ஐந்தைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் வெட்டிப் பார்த்தேன். பின்பக்கத்தில் கழிச்சல் ஒட்டவில்லை. தொப்புள் காய்ந்து சுத்தமாக இருந்தது. ஈரலில் புள்ளி இல்லை. இரைப்பை நிறையத் தீன். ராணிக்கெட் இல்லை என்று மனது கொஞ்சம் லேசானது. பிறகுதான் இரத்தத்தைக் கவனித்தேன். செத்து இவ்வளவு நேரமான குஞ்சின் இரத்தம் கறுத்திருக்க வேண்டும். இது இப்போதுதான் அறுத்ததைப் போலப் பளிச்சென்று சிவந்திருந்தது. இரண்டாவதும் அப்படி, மூன்றாவதும் அப்படி. சொண்டும் காலும்கூட ரோசா நிறம்.

கத்தி பிடித்த கை நின்றுவிட்டது. அந்த நிறத்தைப் பற்றி யாரோ சற்றுமுன் சொன்னார்கள்.

"தம்பி, குஞ்சுக்கு வெக்கை எதால குடுக்கிற?"

"மூணு நாளா கரண்ட் வாறதும் போறதும் சேர். பல்ப நம்ப ஏலா. புள்ளைக்குச் சாம்பிராணி போடுற சட்டிதான் இரிக்கே, அதத்தான் வெக்கிறம். புகை அடங்கின பொறகுதான் சேர். சிரட்டைக்கரி, நல்லா தணலாகிக் கிடக்கும். இப்பதான் கரி மாத்த அடுப்படிக்கு எடுத்தம்."

பிள்ளை பெற்ற வீட்டில் சட்டி அணையாது. காலையும் மாலையும் பிள்ளையைக் குளிப்பாட்டியதும் தணலில் சாம்பிராணி போட்டுப் புகை காட்டுவார்கள். புகை கண்ணைக் கரிக்கும் என்பதால் அதற்கு எல்லோரும் பயப்படுவார்கள். புகை அடங்கிய தணலுக்கு யாரும் பயப்படுவதில்லை. அந்தத் தணலில் இருந்து வருகிற காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையில் அது மூச்சோடு போய் இரத்தத்தைப் பிடித்துக்கொள்ளும். இரத்தம் சிவக்கும், உயிர் திணறும்.

குஞ்சறைக்கு ஓடினேன். அறைகளுக்கு நடுவிலிருந்த சுவர் கூரைவரை போகவில்லை. சுவருக்கும் ஓட்டுக்கும் இடையில் ஒரு முழம் திறந்து கிடந்தது.

"அந்தப்பக்கம் என்ன அறை?"

"சிபானாவும் புள்ளையும் படுக்கிற அறை சேர்."

2. திரைக்கு இந்தப்பக்கம்

அந்த அறை வாசலில் திரை தொங்கியது. ராத்தா குறுக்கே வந்து நின்றார். "நாப்பது கழியல்ல சேர். உள்ள போக வேணாம்."

அந்தத் திரையை இழுத்துப் பிய்த்திருக்க வேண்டும். ஊர் வழக்கம் காலைக் கட்டிவிட்டது. வெளியில் நின்றே கேட்டேன்.

"மகள், தலை இடிக்குதா?"

மெல்லிய குரல் வந்தது. "ஓம் சேர். ரெண்டு நாளா. விடிய சத்தியும் எடுத்தன், குடிச்ச தேத்தண்ணி எல்லாம் வெளிய வந்திட்டு. சீதளம் எண்டு ராத்தா சொன்னா."

"புள்ள பால் குடிச்சதா?"

"விடியச் சுபஹுக்குக் குடிச்சது. அதுக்குப் பொறகு எழும்பல்ல. நல்ல தூக்கம்."

நல்ல தூக்கம். குஞ்சுகளைப் பற்றி நாசர் சொன்னதும் அதைத்தானே.

"நாசர்! புள்ளையத் தூக்கிட்டு வெளிய ஓடு! ராத்தா, தங்கச்சியப் பிடிங்க! கதவு ஜன்னல் எல்லாத்தையும் திறங்க!"

பிள்ளை வந்தது. நாசரின் கையில் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து, ஈரத்துணியாய்த் துவண்டு கிடந்தது. கன்னமும் உதடும் சிவந்து அவ்வளவு அழகாக இருந்தது. அந்த அழகைப் பார்த்து நான் பயந்ததுபோல் என் சீவியத்தில் வேறு எதற்கும் பயந்ததில்லை. மழைத் தூறல் முகத்தில் பட்டும் அது அழவில்லை. சிபானா வாசற்படியிலேயே முழங்கால் மடிந்து உட்கார்ந்துவிட்டாள். ராத்தா சத்தமாக ஓதத் தொடங்கினார்.

ஓட்டோவில் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை நான் பிள்ளையின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறியது, இறங்கியது. ஒருமுறை இறங்கி, ஏறச் சுணங்கியது. நான் சத்தமாக அல்லாஹ்வைக் கூப்பிட்டேன்.

அங்கிருந்த டொக்டரிடம் கரிச்சட்டியைச் சொன்னேன், குஞ்சின் இரத்தத்தைச் சொன்னேன். அவர் என் கையைப் பார்த்தார். அது இன்னும் கழுவாமல் இருந்தது. வேறொன்றும் கேட்காமல் தாய்க்கும் பிள்ளைக்கும் ஒக்சிசன் வைத்தார். நானும் நாசரும் வெளியில் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். அவன் ஒரு தரம், "சேர் வந்ததாலதான்" என்று தொடங்கினான். "கதைக்காத தம்பி" என்றேன். எனக்கு அதைக் கேட்கத் தகுதியில்லை.

மதியம் லுஹர் பாங்கு சொல்லி முடிந்து கொஞ்ச நேரத்தில் உள்ளே ஒரு பிள்ளை வீரிட்டு அழுதது. நாசர் எழும்பி ஓடினான். நான் குழாயடிக்குப் போய் அப்போதுதான் கையைக் கழுவினேன்.

3. நாற்பது அன்று

மிஞ்சிய குஞ்சுகளை ராத்தா அன்றே முன் விறாந்தைக்கு மாற்றிவிட்டார். பிறகு ஒன்றுகூடச் சாகவில்லை. காற்றைத் தவிர நான் வேறு மருந்து கொடுக்கவுமில்லை.

நாற்பது அன்று சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். பிள்ளையை என் மடியில் வைத்தாள் சிபானா. அது கறுத்து, சளிப்பிடித்து, சிணுங்கிக்கொண்டிருந்தது. அந்த நிறத்தைப் பார்த்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதற்குமேல் மறைக்க முடியவில்லை. நாசரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன்.

"தம்பி, காத்துப் போகாம மூடச் சொன்னது நான்."

"தெரியும் சேர்" என்றான். "அண்டைக்கு ஓட்டோவிலயே நினைச்சன். புள்ளைக்கு என்னவும் ஆகியிருந்தா உங்கள மன்னிச்சிருப்பனா எண்டு எனக்கே தெரியாது." பிறகு என்னைச் சாப்பாட்டுக்கு உட்கார வைத்து, என் தட்டில் ஒரு அகப்பை கூடவே சோறு வைத்தான்.

இளம் உத்தியோகத்தர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். போனில் வைத்தியம் சொல்லாதீர்கள், போய்ப் பாருங்கள். போகவே முடியாவிட்டால் கேளுங்கள். இப்போதும் யாராவது குஞ்சு சாகிறது என்றால், எத்தனை செத்தது என்று நான் கேட்பதில்லை. அந்த அறைக்குப் பக்கத்தில் யார் படுக்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். சிலர் சிரிப்பார்கள். அவர்கள் பதில் சொல்லும்வரை நான் போனை வைப்பதில்லை.